கருமாதி முடிந்த வீட்டுக்கு வந்தவர்கள்

(ஜமுனாமரத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஜவ்வாது மலையிலிருந்து யார் யார் எங்கெங்கே பிழைக்கப் போகிறார்கள் என்பதைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். குடகுக் காப்பித் தோட்டம், கேரளத்து மிளகுத் தோட்டம், திருப்பூர் பனியன் கம்பெனி, பெங்களூர் கட்டட வேலை, ஆந்திரத்துக் காடு என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். போனவர் திரும்பி வந்த பிறகு என்ன ஆகிறது என்று கேட்பவர்தான் குறைவு. ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டால் கதை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். மேஸ்திரியிடம் கணக்கு முடித்து, மூட்டையைக் கட்டி, நாலு பஸ் மாறி, போளூரில் கடைசி வண்டியைப் பிடித்து மலை ஏறியவனுக்கு அன்றைக்குத்தான் பாதி வழி கடந்திருக்கிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்குத் தெரியும். மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அதற்கு இந்த மலையின் பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் எப்படிக் குடியேறினார்கள் என்று சொல்லும் கதை அது. வட ஆற்காடு மாவட்ட மேனுவலில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பதிந்து வைத்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டபோது அதை அங்கே எடுத்துச் சேர்த்தார். உங்கள் வீட்டுப் பாட்டிமார் இதை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் சேர்வராயன் மலையிலும் காஞ்சியிலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளின் கதையாகச் சொல்கிறார்கள். ஜவ்வாது மலைக்கு மட்டும் இந்தக் கதை.

சக ஆண்டு 1055, அதாவது கி.பி. 1132 என்று கதை காலம் குறிக்கிறது. கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் இகழ்ந்து பேசி அனுப்பிவிட்டார்கள். ஆத்திரத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். புறப்படும்போது மனைவிமாரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்கள்: நாய்கள் மட்டும் தனியாக வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், செய்ய வேண்டிய காரியத்தைச் செய்துவிடுங்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தட்டுத்தடுமாறிக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு வரை நீந்திப் பார்த்துவிட்டுத் திரும்பிக் காஞ்சிபுரத்துக்கே ஓடிவிட்டன. ஆண்கள் கங்குந்திக்குப் போய் வேடர்களைக் கொன்றார்கள். ஊருக்குத் திரும்பினார்கள். அங்கே கருமாதி முடிந்திருந்தது. மனைவிமார் தாலி அறுத்திருந்தார்கள். செத்தவர்களுக்கு ஊரில் இடமில்லை என்று சாதி அவர்களை ஒதுக்கியது. அந்த ஏழு பேரும் வேடர் பெண்களை மணந்து இந்த மலைக்கு ஏறி வந்து, காடு திருத்திப் பயிர் செய்தார்கள். அவர்கள் வழிதான் நீங்கள் என்கிறது கதை.

இதை வரலாறு என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஒரு மக்கள் கூட்டம் தன்னைப் பற்றி எந்தக் கதையைத் தேர்ந்தெடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறது என்பதில் உண்மை ஒன்று இருக்கும். போரில் ஜெயித்த கதை, சாமி கைகாட்டிய இடத்தில் குடியேறிய கதை என்று எத்தனையோ குடிகளுக்கு இருக்கிறது. இந்த மலையின் தொடக்கக் கதையோ திரும்பி வந்தவர்களை வீடு ஏற்காத கதை. இன்னொன்றும் பாருங்கள். கங்குந்தி இன்றைக்கு ஆந்திரத்தில், குப்பம் பக்கத்தில் இருக்கிறது. ஆந்திரத்துக்குப் போனவர்கள் உயிரோடு திரும்பி வந்தும் ஊரில் செத்தவர்களாக இருந்தார்கள் என்று ஏறத்தாழத் தொள்ளாயிரம் வருஷத்துக் கதை சொல்கிறது. நம் காலத்தில் அது எப்படி நடந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் கதையில் கெட்டவர் என்று காஞ்சிபுரத்து மனைவிமாரைக் காட்ட முடியாது. புருஷன் சொல்லிவிட்டுப் போனதைத்தான் செய்தார்கள். நாய்களும் பிழை செய்யவில்லை, வெள்ளத்துக்குப் பயந்தன. எல்லோரும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள், ஏழு பேர் அநாதையானார்கள். செத்துப்போனவரை வழியனுப்ப அந்த ஊரில் ஒரு சடங்கு இருந்தது. சாகவில்லை என்று தெரிந்த பிறகு அவரை மறுபடி சேர்த்துக்கொள்ள ஒரு சடங்கு இல்லை. அந்த ஊரின் குறை அதுதான். முடித்துவைக்கத் தெரிந்திருந்தது, முடித்ததை அவிழ்க்கத் தெரியவில்லை.

உலகத்தில் வேறு சில ஊர்கள் இதை யோசித்திருக்கின்றன. பழைய கிரேக்க நாட்டில், வெளியூரில் செத்துவிட்டதாகத் தவறாகச் சேதி வந்து ஈமக்கடன் முடிந்த பிறகு ஒருவர் உயிரோடு திரும்பி வந்தால் அவரைத் தீட்டுப்பட்டவராக நினைத்தார்கள். கோயிலுக்குள் விடமாட்டார்கள். புளூட்டார்க் என்ற எழுத்தாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படித் தள்ளிவைக்கப்பட்ட அரிஸ்டினஸ் என்பவர் டெல்ஃபி கோயிலில் குறி கேட்டார். பிள்ளை பெற்றவள் செய்வதையெல்லாம் மறுபடி செய் என்று குறி வந்தது. அவர் பெண்களிடம் போனார். பெண்கள் அவரைப் பச்சைக் குழந்தையைப் போலக் குளிப்பாட்டி, துணி சுற்றி, பால் கொடுத்தார்கள். புதிதாகப் பிறந்தவராக ஊருக்குள் வந்தார். பிறகு அதுவே எல்லோருக்கும் வழக்கமானது. ரோமாபுரியில் அப்படி வருபவர் வாசல் வழியாக நுழையக்கூடாது, கூரை ஏறித்தான் உள்ளே இறங்க வேண்டும் என்று இருந்ததாம்.

நம் தர்மசாஸ்திர நூல்களிலும் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. காணாமல் போனவருக்கு உருவம் செய்து எரித்த பிறகு அவர் வந்துவிட்டால், நெய்க் குடத்தில் மூழ்கவைத்து எடுத்து, நீராட்டி, பிறந்த குழந்தைக்குச் செய்யும் சடங்கிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து, அதே மனைவியை மறுபடி மணம் முடித்து வைக்க வேண்டும். அப்படியானால் காஞ்சியில் வழி இல்லாமல் போகவில்லை. வழி ஏட்டில் இருந்தது. அதைத் தேடி எடுக்க அந்த ஊருக்கு மனம் வரவில்லை. எனக்கு இந்தக் கதையில் தீராத வருத்தம் இந்த இடத்தில்தான்.

இனி நம் காலம். 2013 டிசம்பரில் திருப்பதிக்கு அருகே, செம்மரம் வளரும் சேஷாசலம் காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். கொடிய கொலை; அந்தக் குடும்பங்களின் துயரம் நம் துயரத்துக்குக் குறைந்ததில்லை. அந்த வழக்கில் தமிழ்நாட்டு மலைகளிலிருந்து கூலிக்குப் போன நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். திருவண்ணாமலை, வேலூர், தர்மபுரி, சேலம், விழுப்புரம் பக்கத்து ஆட்கள். ஜாமீனுக்கு ஆள் இல்லை. விசாரணை தெலுங்கில் நடந்தது. வீட்டிலிருந்து பார்க்கப் போக பஸ் செலவுக்குக் கடன் வாங்க வேண்டும், போய் நின்றால் மனு எழுதத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு மேல் போன பின் 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் ஏறத்தாழ முந்நூறு தமிழ்நாட்டுக்காரர்களை விடுதலை செய்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

அதற்கு இடையில் 2015 ஏப்ரல் 7 வந்தது. அந்த நாளை இந்த மலையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி அதே காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் இருபது பேர் இறந்தார்கள். அதில் பன்னிரண்டு பேர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். கல்லும் அரிவாளும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். செம்மரத்தை வெட்டிக் கோடிகளாக்கியவர்கள் இந்த மலையில் இல்லை. அந்தக் கட்டை துறைமுகம் ஏறிக் கடல் கடந்து போகிற பாதையில் கடைசிக் கூலிதான் இங்கே வந்தது. உயிர் போனதும் இங்கேதான்.

விடுதலையாகி வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறையில் இருந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் என்ன நடந்திருக்கும்? மாடு போயிருக்கும். கொல்லையைப் போக்கியத்துக்கு விட்டிருப்பார்கள். பெரிய பையன் படிப்பை நிறுத்திவிட்டு மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பான். பெண்ணுக்கு அவசரமாகக் கல்யாணம் முடிந்திருக்கும். மனைவி எல்லா முடிவையும் தனியாக எடுத்துப் பழகியிருப்பாள். அவர் வந்து நிற்கிறபோது அவரில்லாமல் நடக்கப் பழகிய வீடு ஒன்று அங்கே இருக்கிறது. யாரும் தாலி அறுக்கவில்லை, கருமாதி செய்யவில்லை. ஆனாலும் அவர் இருந்த இடம் மூடிக்கொண்டுவிட்டது. மனைவி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் அப்படி நடத்தியிருக்காவிட்டால் அவர் வந்து நிற்கக் குடும்பமே இருந்திருக்காது.

இதற்கு மேல் ஊர் ஒரு பெயர் வைத்தது. நீதிமன்றம் விடுவித்தவரை "செம்மரத்துக்குப் போனவன்" என்றார்கள். பெண் கொடுக்க யோசித்தார்கள். வெளி மாவட்டத்தில் வேலை கேட்டுப் போனால் ஜவ்வாது மலை என்று சொன்னதும் முகம் மாறியது. கைதாகாத பையன்களும் அந்தப் பெயரைச் சுமந்தார்கள். ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதி முடித்த பிறகும் டீக்கடையில் வழக்கு நடந்துகொண்டே இருந்தால், வந்தவர் எப்படி ஊன்றுவார்? மறுபடி பஸ் ஏறுவார். ஆள் பிடிக்கும் பழைய ஏஜெண்ட்டே மறுபடி வருவார். அவர் மட்டும்தான் "வாப்பா" என்று கூப்பிட்டிருப்பார்.

2020 வேறு மாதிரி. மார்ச் 24 ராத்திரி பிரதமர் பேசினார், மறுநாளிலிருந்து கொரோனாவுக்காக நாடு அடைபட்டது. சிறுகச் சிறுக வந்துகொண்டிருந்தவர்கள் ஒரே சமயத்தில் வந்தார்கள். சிலர் லாரியில், சிலர் நடந்து, சிலர் மே மாதத்தில் விட்ட சிறப்பு ரயிலில் பாதி வழி. இந்த முறை யாரும் யாரையும் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. நோய்ப் பயம் இருந்தது, ஆனால் எல்லோரும் ஒரே படகில் இருந்தார்கள். அரசு குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் கொடுத்தது. அட்டையில் பெயர் சரியாக இருந்தவருக்கு அது கைகொடுத்தது.

அந்த வருஷத்தை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் பருவம். பங்குனிக் கடைசியிலிருந்து வந்தார்கள். புளி உலுக்கி முடிகிற சமயம். கோடையில் பலா பழுத்தது. ஆனி, ஆடியில் மழை விழுந்தது, சாமை விதைக்க ஆள் இருந்தது. பல வருஷமாகத் தரிசாகக் கிடந்த கொல்லைகளில் ஏர் ஓடியது. போனவர்கள் வழக்கமாகப் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ வருவார்கள், விதைப்புக்கு இருக்க மாட்டார்கள். 2020இல் விதைப்புக்கு இருந்தார்கள். திரும்பி வந்தவன் ஊரில் தங்குவதா வேண்டாமா என்பதை அவன் மனசு எவ்வளவு முடிவு செய்கிறதோ அவ்வளவு அவன் வருகிற மாதமும் முடிவு செய்கிறது. கையில் காசு தீர்ந்து தை மாதம் வந்து சேர்பவனுக்கு இந்த மலையில் ஆனி வரை செய்ய என்ன இருக்கிறது? ஐந்து மாதம் சும்மா உட்கார யாராலும் முடியாது.

நூறு நாள் வேலை அந்த ஐந்து மாதத்துக்கு ஊன்றுகோலாக இருக்க வேண்டியது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் அதன் கூலி ஒரு நாளைக்கு 256 ரூபாய். அப்போதைய சட்டப்படி கேட்ட 15 நாளில் வேலை தர வேண்டும். கேட்பதற்கு வேலை அட்டை வேண்டும், அட்டையில் பெயர் வேண்டும். பணம் ஏற பேங்க் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். குடகில் ஆறு வருஷம் இருந்தவருடைய கணக்கு தூங்கிப் போயிருக்கும். அதை எழுப்ப ஆதாரில் உள்ள போன் நம்பர் வேண்டும், அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். இப்படி ஒரு கயிறு இன்னொரு கயிற்றில் முடிச்சாகி நிற்கும். அதனால்தான் சாமை அறுத்த கையோடு பல பேர் மறுபடி கீழே இறங்கினார்கள். ஊர் பிடிக்காமல் போனார்கள் என்று சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மனிதர்கள் வாங்கிய அட்வான்ஸுக்கும் வட்டிக்கும் இந்த மலையில் பதில் இல்லை. மேஸ்திரி போன் செய்தார், போனார்கள்.

காகிதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசம் ஆசம்கர் மாவட்டத்தில் லால் பிஹாரி என்று ஒருவர். நிலத்துக்காக உறவினர் அவரை நிலப் பதிவேட்டில் இறந்தவர் என்று எழுதவைத்துவிட்டார்கள். 1970களின் நடுவில் செத்தவர், உயிரோடு இருக்கிறார் என்று அரசு ஒப்புக்கொண்டது 1994இல். அதற்குள் அவர் தன்னைப் போலவே ஏட்டில் செத்த மற்றவர்களைச் சேர்த்து ஒரு சங்கமே வைத்தார். காஞ்சியில் நடந்ததை இன்று தாலுகா ஆபீஸால் செய்ய முடியும். அதற்கு நாய்கள் கூடத் தேவையில்லை.

இந்த மலைக்கு அதில் தனிச் சிக்கலும் உண்டு. நீங்கள் ஒரே வீட்டில் இருந்தீர்கள், மாவட்டம் உங்களைத் தாண்டிப் போனது. வட ஆற்காடு 1989இல் இரண்டானது. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாட்டு மக்கள் அதற்குள் போனார்கள். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்பதற்கு எதிரே மாவட்டங்களின் பழைய பெயர்கள் இருக்கின்றன: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. அதற்கு வெளியே உள்ள மலையில் இருக்கும் மலையாளி பட்டியலில் வராமல் நிற்கிறார். ஈரோடு பக்கத்து மலை மக்களின் நெடுநாள் போராட்டம் அதுதான். கர்நாடகத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இங்கே திரும்பும் குழந்தைக்கு ஆர்.டி.ஓ.விடம் சாதிச் சான்று வாங்க நிற்கும்போது அந்த அப்பா எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? பிறப்புச் சான்று கன்னடத்தில் இருக்கும்.

ஆனால் நண்பர்களே, சட்டம் பல இடங்களில் நம் பழக்கத்தைவிடப் பெரிய மனசோடு எழுதப்பட்டிருக்கிறது. மூன்று செய்திகளைச் சொல்கிறேன், வீட்டில் போய்ச் சொல்லுங்கள். 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் அந்த ஊரில் வசிப்பவர் என்ற தகுதியை இழக்க மாட்டார் என்கிறது. சிறையில் இருப்பவரைச் சிறை இருக்கும் ஊர்க்காரர் என்று கருதக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது ஆந்திரச் சிறையில் இருந்த நாளிலும் நம் ஆள் ஜமுனாமரத்தூர்க்காரர்தான். ஊர் மறந்தாலும் சட்டம் மறக்கவில்லை.

அடுத்தது பள்ளிக்கூடம். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக்கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக்கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, விட்ட பாடத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். தோட்டத்து அங்கன்வாடியில் கன்னட எழுத்து கற்ற பிள்ளை இங்கே உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்றும் தெரியாதவளாக உட்காருவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு மொழி தெரியும். வாத்தியார்கள் அதைக் குறையாக எழுதாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது நிலம். 2006 வன உரிமைச் சட்டம் இந்த மலைக்கு எவ்வளவு முக்கியம் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை காரணமாக எத்தனையோ வருஷம் பட்டா கொடுக்காமல் கிடந்தது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. உரிமை கேட்கும் பழங்குடிக் குடும்பம் 2005 டிசம்பர் 13க்கு முன்பே அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். வெளியே போய்விட்டு வந்தவர் அதை எப்படி நிரூபிப்பார்? காகிதம் மட்டும் சாட்சி இல்லை என்று விதிகளே சொல்கின்றன. கிணறு சாட்சி. கல் கரை சாட்சி. சுடுகாடும் சாமி இருக்கும் மரமும் சாட்சி. உரிமை கோராத ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயால் சொல்லி, அதை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சி. "இவன் இந்தக் கொல்லையில் பிறந்தவன், இவன் அப்பன் இங்கே சாமை அடித்தவன்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தை இந்த நாட்டின் சட்டம் ஆதாரமாக ஏற்கிறது. திரும்பி வந்தவருக்காக ஊர் வாயைத் திறப்பது என்றால் இதுதான். காஞ்சியில் அப்படிச் சொல்ல ஒருவர் முன்வந்திருந்தால் போதும்.

ஆண்களையே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தாய்மார்கள் நினைப்பீர்கள். கதையும் அப்படித்தான் செய்கிறது. அந்த ஏழு ஆண்கள் புறப்பட்டதே ஏழு பெண்களை மீட்கத்தான். வேடர்களைக் கொன்றார்கள், ஊருக்கு வந்தார்கள் என்கிறது கதை. அந்த ஏழு பெண்கள் என்ன ஆனார்கள்? ஒரு வரி இல்லை. மீட்டவர்களையே ஏற்காத ஊர், மீட்கப்பட்டவர்களை எப்படி நடத்தியிருக்கும்? அவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எழுதிக்கொண்ட வெள்ளைக்கார அதிகாரியும் கேட்கவில்லை. நான் இந்தக் கதையைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

நூற்பாலைக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போய்விட்டு வரும் பெண்பிள்ளைகள் இந்த மாநிலத்து ஊர்களில் எத்தனை பேர்! கல்யாணத்துக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி வருகிறார்கள். ஆண் வந்தால் "என்ன சம்பாதிச்சே" என்று கேட்கும் ஊர், பெண் வந்தால் "அங்கே எப்படி இருந்தே" என்று கேட்கிறது. அந்தக் கேள்வியின் தொனி எல்லோருக்கும் தெரியும். அவள் சம்பாதித்த பணத்தில் கூரைக்கு ஓடு போட்டிருப்பார்கள், அந்த ஓட்டின் கீழேயே அவளைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கெட்ட மனிதர்கள் இல்லை. காஞ்சிபுரத்துக்காரர்களும் கெட்டவர்கள் இல்லை என்று முன்னால் சொன்னேன்.

இதே மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற பெண்ணை நீங்கள் அறிவீர்கள். 2023 நவம்பரில் பிள்ளை பெற்ற சில நாளில் சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் தேர்ச்சி வந்தது. ஊரே மேளம் வைத்து வரவேற்றது. பார்க்க மனசு நிறைந்தது. அதே ஊர்வலத்தில் பாதிகூட வேண்டாம், அதில் வந்த ஒரு மேளம் போதும், மில்லிலிருந்து இருமலோடு வருகிறவளுக்கும் அடிக்கலாம். அவளும் ஒரு தேர்வு எழுதிவிட்டுத்தான் வருகிறாள்.

கடைசியாக, செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. ஒவ்வொரு ஊரிலும் அதற்கு முன்னால் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவர்கள் யார், எங்கே, எப்போது போனார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். இவர்கள் இந்த ஊர்க்காரர்கள், பிழைப்புக்காக வெளியே இருக்கிறார்கள் என்று ஒரு தீர்மானமாக அதைக் கிராம சபையில் வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாக்காளர் பட்டியலிலோ ரேஷன் அட்டையிலோ பெயர் எடுக்க யாராவது வந்தால் அந்தத் தீர்மானத்தைக் காட்டலாம். சாமை அறுப்பில் வீட்டுக்கு ஒரு மரக்கால் விதை ஊர்ப் பொதுவில் போட்டு வையுங்கள். தை மாதத்தில் வெறுங்கையோடு வருபவருக்கு ஆனியில் விதைக்க அது இருக்கட்டும். தரிசாகக் கிடக்கும் கொல்லையைப் போக்கியத்துக்கு எடுத்தவர்கள், உரியவர் திரும்பி வந்துவிட்டால் ஒரு போகமாவது பாதிப் பங்கில் அவரை உழவிடுங்கள். இதற்குச் சட்டம் இல்லை. பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டியது.

காகிதச் சிக்கல் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடது பக்கம் வாருங்கள். ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, எந்த மொழியில் இருந்தாலும் சரி, எடுத்து வாருங்கள். கன்னடமும் தெலுங்கும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள்தான்.